பழைய ரேஸ் ஓட்டுநரின் வாழ்க்கையை முடிவுப் பட்டியலில் படிப்பது எப்படி?

பழைய பந்தய முடிவுகளை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் வெறும் எண்களாகத்தான் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த, அதிகம் பேசப்படாத அமெரிக்க ஓட்டுநர் ட்ராய் ரட்மேனை வைத்துச் சொல்கிறேன். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பிறந்த தேதியைத் தாளின் மேலே எழுதுங்கள். ரட்மேன் பிறந்தது 1930 மார்ச் 11, ஒக்லஹோமாவில். வயது பத்தாததால் உறவுக்காரப் பையனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பந்தயத்தில் நுழைந்தவர் அவர். அதனால் வயதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

படி 2: எந்தப் பட்டத்துக்கான பந்தயம் என்று பாருங்கள். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். 1950 முதல் 1960 வரை, அமெரிக்காவில் நடக்கும் 500 மைல் கார் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-உம் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தில் சேர்ந்திருந்தது. 1952இல் அங்கே ரட்மேன் ஜெயித்தபோது வயது 22 ஆண்டு 80 நாள். உலகப் பட்டப் பந்தயம் ஒன்றை ஜெயித்தவர்களில் அவரைவிட இளையவர் வர 2003 வரை ஆனது. அந்த இளையவர், ஹங்கேரியில் ஜெயித்த ஸ்பெயின் ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ. இண்டியானாபொலிஸில் ரட்மேனின் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது.

படி 3: வெற்றியோடு நிறுத்தாமல், யார் எத்தனை சுற்று முன்னணியில் இருந்தார் என்று தேடுங்கள். அன்று மொத்தம் 200 சுற்று. பில் வுகோவிச் 150 சுற்றும் ரட்மேன் 44 சுற்றும் முன்னால் ஓடினார்கள். முடிய சுமார் ஒன்பது சுற்று இருக்கையில் வுகோவிச்சின் ஸ்டீயரிங் உடைந்தது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று எழுதிவிடாதீர்கள். வுகோவிச்சிடம் தாழ்வாகக் கட்டிய புது மாதிரி கார். ரட்மேன் ஓட்டியதோ மண் தடத்துக்காகக் கட்டும் பழைய, உயரமான வகை. அகஜேனியன் அணியின் 98ஆம் எண். அதை வைத்துக்கொண்டு இரண்டாவது இடத்தில் விடாமல் துரத்தியவருக்குத்தான் அந்த வெற்றி கிடைத்தது. அந்த வகைக் கார் அங்கே ஜெயித்தது அதுதான் கடைசி.

படி 4: ஆண்டுவாரிப் பட்டியலில் அவர் ஓடாத, காலியான கட்டங்களை வட்டமிடுங்கள். 1953இல் இண்டியானாபொலிஸில் ரட்மேன் இல்லை. வெற்றிக்குச் சில மாதங்களுக்குள், 1952 ஆகஸ்டில், அயோவாவின் சீடர் ராபிட்ஸில் நடந்த விபத்தில் அவர் கை மோசமாக முறிந்தது. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் திருப்பமே இந்தக் காலிக் கட்டம்தான்.

படி 5: உலகப் பட்டப் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். அவருடைய மொத்தம் 9.5. அரைப் புள்ளி வந்தால் ஒரே காரை இருவர் ஓட்டினார்களா என்று பாருங்கள். 1954இல் நான்காவதாக வந்த காரை டுவேன் கார்ட்டரும் ஓட்டினார். மூன்று புள்ளியை ஆளுக்கு ஒன்றரையாகப் பிரித்தார்கள். 1952 வெற்றிக்குக் கிடைத்த 8 புள்ளியோடு சேர்த்தால் கணக்குச் சரி.

அப்புறம், அமெரிக்காவுக்கு வெளியே நடந்தவற்றையும் தேடுங்கள். 1958 பிரெஞ்சு கிராண்ட் பிரீ, ரான்ஸ் நகரம்: மசெராட்டி 250எஃப் காரில் ரட்மேன் பத்தாவது. அதே பட்டியலில் நான்காவது வரியில், ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபேஞ்சியோ இருக்கிறார். அவருக்கு அதுதான் கடைசி உலகப் பட்டப் பந்தயம்.