உப்புப் பூத்த சுவருக்குப் பெயின்ற் அடிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பெயின்ற் அடிக்கும் அவசரம் மார்கழியில்தான் வரும். தைப்பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும். ஆனால் ஐப்பசியிலிருந்து மழை குடித்த சுவர் அப்போது காய்ந்திருக்காது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். பொங்கலுக்கு அடித்தது பங்குனி வெயிலில் பக்குப் பக்காகக் கழலுவது அதனால்தான். மாசி, பங்குனியில் அடியுங்கள், வருடப்பிறப்புக்கு வீடு தயார். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டும்.

முதலில் ஈரம் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள்.

இனி உப்பு. பலர் சறுக்கும் இடம் இது. தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை பெயின்ற் கொப்பளித்து நிற்கும். விரலால் அமர்த்தினால் தோல் நொறுங்கி, பின்னால் வெள்ளை மா உதிரும். பூஞ்சணமா உப்பா என்ற சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: உப்புக் கரையும், பூஞ்சணம் அப்படியே நிற்கும். நிலத்து ஈரம் சுவரில் ஏறி ஆவியாகும்போது உப்பைப் பூச்சின் மேல்பக்கம் விட்டுப்போகிறது. அது பளிங்காகி உப்பி, பெயின்றைத் தள்ளுகிறது. உவர்த்தண்ணீரில் சாந்து குழைத்த வீடுகளில் உப்புச் சுவருக்குள்ளேயே இருக்கும்.

இதைக் கழுவவே கூடாது. கழுவினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். தகட்டால் சுரண்டி, காய்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். திரும்பப் பூத்தால் திரும்பத் தேயுங்கள். பூப்பது அடங்காமல், பெயின்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிறைமரை வாங்காதீர்கள். கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒழுகுகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா, வெளியே சுவரோடு மண் உயர்ந்து கிடக்கிறதா என்று பார்த்து அதைத் திருத்துங்கள். ஈரம் வரும் வழி அடைபடாவிட்டால் எவ்வளவு விலைகூடிய பெயின்றும் நிற்காது.

பழைய வெள்ளையடிப்பு இருந்தால், கையால் தடவ மா ஒட்டும். அதையும் சுரண்டி எடுக்கவேண்டும்.

பிறகு வெடிப்புகளுக்கு வோல் பில்லர். தடிப்பாக ஒருதரம் பூசுவதைவிட மெல்லிசாக இரண்டுதரம் பூசுவதே நல்லது. காய்ந்தபின் 180 இலக்கச் சாண்ட்பேப்பர், தூசு துடைப்பு, சீமெந்தின் காரம் தாங்கும் பிறைமர் ஒரு பூச்சு.

அளவு: 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, இரண்டு யன்னல் கழித்தால் ஏறத்தாழ 390. ஒரு லீற்றர் இமல்ஷன் (தண்ணீர் கலக்கும் சுவர்ப் பெயின்ற்) ஒரு பூச்சுக்கு 100 முதல் 120 சதுர அடி போகும். இரண்டு பூச்சுக்கு 4 லீற்றர் வாளி இரண்டு போதும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். வாளிக்கு வாளி நிறம் சற்று மாறும். தண்ணீர் கலப்பதானால் நன்னீர் மட்டும், வாளியில் எழுதிய அளவுக்கு மேல் வேண்டாம்.

மூலைகளையும் யன்னல் ஓரத்தையும் 2 அங்குலப் பிரஷால் அடித்து, அந்த ஈரம் காயமுன் 9 அங்குல றோலரை ஓட்டுங்கள். சுவரின் பாதியில் நிறுத்தினால் கோடு விழும். மலிவு றோலர் வேண்டாம், அதன் மயிர் சுவரில் ஒட்டிக் காயும். அடுத்த பூச்சுக்கு நான்கு மணித்தியாலமாவது விடுங்கள்.

பலரும் கேட்பது: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீட்டுக்கும் இதுதானா? இல்லை. அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்செடுப்பது. பிளாஸ்ரிக் தோல் போல இமல்ஷனால் மூடினால் ஈரம் உள்ளே தங்கிச் சாந்தே உதிரும். அதற்குச் சுண்ணாம்புதான். தண்ணீரில் நீறின சுண்ணாம்பைத் துணியில் வடித்து, பால் பதத்தில், சுவரைச் சற்று நனைத்து மூன்று மெல்லிய பூச்சு அடியுங்கள். நீறாத சுண்ணாம்பு என்றால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள்.