ஷிஃப்ட் முடிந்ததும் 20 நிமிடம்: கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து உடம்பைத் தேற்றுவது எப்படி

வடசென்னையில் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வந்து போகும் பெட்டிகளை எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க் வேலை எனக்கு. கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கடைசி நேரம், அதாவது கட் ஆஃப், நெருங்கும் நாட்களில் 8 மணி நேர ஷிஃப்ட் 12 மணி நேரம் ஆகிவிடும், சாப்பாடு நின்ற வாக்கிலேயே முடியும், வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. எங்கள் யார்டில் ஜிம்முக்கு மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு பத்து நாளில் நின்றுபோனவர்கள் நிறைய பேர். தனியாகப் போனால் நிற்பது சுலபம், நம்மைத் தேட ஆள் இல்லை. அதனால் சேர்ந்து செய்வோம் என்று ஐந்து பேர் ஆரம்பித்தோம். முதல் முயற்சி ஒரே மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஒன்றரை வருஷமாக நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாற்றினோம் என்பதைத்தான் எழுதுகிறேன், ஆஸ்பத்திரி, பாரிமுனை ஆபீஸ், துறைமுகம் என்று நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் இது ஒத்துவரும்.

முதல் தடவை எடைக் குறைப்புப் போட்டி வைத்தோம். தலைக்கு 500 ரூபாய், மாதக் கடைசியில் யார் அதிகம் குறைத்திருக்கிறாரோ அவருக்கு மொத்தப் பணமும். சரக்கு எடை போடும் மெஷினிலேயே எல்லோரும் வரிசையாக ஏறினோம். பில்லிங்கில் இருக்கும் அக்கா ஏறும்போது சுற்றி நின்றவர்களில் யாரோ எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார், மறுநாளிலிருந்து வரவில்லை. மாதக் கடைசியில், கன்டெய்னர்களைச் சோதித்துப் பார்க்கும் சர்வேயர் தம்பி ஒருவன், ஜெயித்தே ஆக வேண்டும் என்று முந்தின நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, மதிய வெயிலில் சீல் நம்பர் பார்த்துக்கொண்டிருந்தவன் தலைசுற்றி கன்டெய்னர் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டான். கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டி வந்து போகிற இடம் அது. அன்றைக்கே போட்டியை நிறுத்தினோம். ஒரு நாளில் 2 கிலோ இறங்கினால் இறங்கியது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் முதலில் சொல்வது இதைத்தான்: எடையைப் பொதுவில் வைக்காதீர்கள். கூட வேலை செய்பவர்களுக்குள் எது பொது என்று யோசித்துப் பாருங்கள். வயது வேறு, வீடு வேறு, வியாதி வேறு. ஷிஃப்ட் முடியும் நேரமும் அந்த கேட்டும்தான் பொது. அந்த நேரத்தை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், குறிக்கோள் அவரவருடையதாகவே இருக்கட்டும்.

எங்கள் ஐந்து பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முயற்சியில் அக்காவும் திரும்ப வந்துவிட்டார். அவருக்கு எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், அதிலிருந்து திரும்பிவிட வேண்டும் என்பது அவர் குறிக்கோள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனுக்கு இடுப்பு வலி. "எட இருந்தா இருந்துட்டுப் போவுது தம்பி, காலைல குனிஞ்சு பக்கெட்ட தூக்க முடிஞ்சா போதும்" என்றார். சர்வேயர் தம்பிக்கு ஆணழகன் போட்டியில் மேடையேற ஆசை, அவன் எடையைக் கூட்ட வேண்டியவன், அவனைப் போய் எடைக் குறைப்புப் போட்டியில் சேர்த்திருக்கிறோம். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஐயாவுக்கு 58 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

இப்போது நாங்கள் கணக்கு வைப்பது வருகையை மட்டும்தான். டேலி ஷீட்டில் பெட்டி எண்ணுகிற மாதிரியே, நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஒரு பழைய ஷீட்டின் பின்பக்கத்தில் ஐந்து பெயர்களையும் எழுதி செக்யூரிட்டி ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். வந்து 20 நிமிடம் செய்தால் ஒரு கோடு. என்ன செய்தாய், எவ்வளவு குறைந்தது என்ற கேள்வியே கிடையாது. ஏலச்சீட்டு கட்டுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும், நாம் தவறினால் அடுத்தவர் முகத்தில் எப்படி முழிப்பது என்ற எண்ணம்தான் மாதாமாதம் பணத்தைக் கட்ட வைக்கும், அதே கூச்சத்தை இங்கே நல்லதுக்குப் பயன்படுத்துகிறோம். வாரத்துக்கு ஒரு குறுக்குக்கோடு விழுந்தால் போதும், அதாவது ஐந்து நாள். கட் ஆஃப் வாரத்தில் மூன்று கோடு விழுந்தாலே சரி.

நேரம் குறிக்கும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, எல்லோருக்கும் பிடித்த நேரத்தைத் தேடுவது. ஐந்து பேரில் யாருக்கு நேரம் மிகக் குறைவோ அவரை வைத்துக் குறியுங்கள். எங்கள் தம்பி காலை 5 மணிக்குப் பூங்காவில் கூடலாம் என்றான். அக்காவுக்கு நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், குடம் தூக்கி மாடிக்கு ஏற்ற வேண்டும், அப்புறம் சமையல், பிள்ளைகள். இரவு 8 மணி என்றால் இருட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தனியாக வீடு திரும்ப வேண்டும். அவரால் முடிந்தது மாலை ஷிஃப்ட் மாறும் 6 மணியிலிருந்து 6:30 வரைதான். சரி, 6:10 என்று வைத்தோம். அவரால் வர முடிகிற நேரத்தில் மற்ற நாலு பேராலும் வர முடிந்தது. காலை 5 மணி என்று வைத்திருந்தால் தம்பி மட்டும் வந்திருப்பான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேக உடலுழைப்பு, அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வேலை. 20 நிமிடம் ஐந்து நாள் என்றால் 100 தான் வரும். மீதியை வழியில் சேர்த்துக்கொள்கிறோம். அக்காவுக்கு வீடு திருவொற்றியூரில், தேரடிக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து, கோயில் மாடவீதியையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்க எப்படியும் நடப்பவர்தானே, மற்ற நாட்களும் நடக்கிறார். மெட்ரோவில் வருகிறவர்கள் எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறுங்கள், விம்கோ நகர் பக்க ஸ்டேஷன்கள் உயரத்தில் இருப்பதால் அதுவே நல்ல பயிற்சி.

ஓடுவதற்கு மட்டும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடல் ஓரம்தானே, காற்று வாங்கிக்கொண்டே ஓடலாம் என்று தோன்றும். ஒரு பக்கம் அலை அரிப்புக்குக் கொட்டிய பாறை, மறுபக்கம் டிரெய்லர், நடுவில் மனிதன் ஓட இடமில்லை. நான் வார நாளில் கார்ப்பரேஷன் விளையாட்டுத் திடலைச் சுற்றுகிறேன், ஞாயிறு விடியற்காலையில் மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி, வாலாஜா சாலை வழியாக மெரினாவுக்கு வேகமாக நடந்தால் உடம்பு சூடாகிவிடும். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினால் 5 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். ஆரம்பிப்பவர்கள் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம்.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் யார்டு சுவரோரம் நடை. அப்புறம் பஸ்கி, தண்டால், முழங்கை ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க், மூன்று சுற்று. தம்பி தரையில் தண்டால் எடுப்பான், அக்கா சுவரில் கை ஊன்றி எடுப்பார், ஐயா நாற்காலியில் உட்கார்ந்து எழுவார். எல்லாம் ஒரே பயிற்சிதான், அளவு மட்டும் அவரவர் உடம்புக்கு. பிபி மாத்திரை, நெஞ்சு வலி, மூட்டுத் தேய்மானம் என்று எது இருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்காதீர்கள்.

அண்ணனின் இடுப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்களை மாதிரி வேலையில் பாதிப் பேருக்கு இந்த வலி இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு துடைப்பக் கட்டை வித்தை. கட்டையை முதுகோடு சேர்த்து நெட்டாகப் பிடிக்க வேண்டும், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கட்டை மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்களுக்கு நடுவில், புட்டத்துக்குச் சற்று மேலே. முட்டியை லேசாக மடக்கி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளி மூடுவது போல நினைத்துக்கொண்டு முன்னால் சாய வேண்டும். மூன்றில் ஒரு இடத்தில் கட்டை விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் அண்ணனுக்குப் பாதி குனிவதற்குள் கட்டை மண்டையை விட்டு விலகியது. தினம் பத்து முறை செய்தார், நான் பக்கத்தில் நின்று கட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், விலகினால் "அண்ணே" என்பேன், அவ்வளவுதான். ஆறு வாரத்தில் தரையில் இருந்த பக்கெட்டை முதுகு வளையாமல் தூக்கினார். கூட ஆள் இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான், நம் முதுகை நாமே பார்க்க முடியாது.

சாப்பாட்டில் ஒருவருக்கொருவர் டயட் சொல்லாதீர்கள். பொதுவாக வாங்குவதை மட்டும் மாற்றினோம். எங்களுக்கு ஒரு ஷிஃப்டில் ஐந்து ஆறு டீ வரும், டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் 8 முதல் 10 கிராம், ஆறு டீயில் கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை தெரியாமலே உள்ளே போகிறது. ஃபிளாஸ்க்கில் சர்க்கரை போடாமல் வாங்கி, தனியாகப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னோம், வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். மாலை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் அல்லது அவித்த முட்டை. காலையில் வண்டியில் விற்கும் கேழ்வரகுக் கூழ் நல்ல சாப்பாடு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாயில்தான் உப்பு அதிகம், பிபி இருப்பவர்கள் சின்ன வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தம்பி புரோட்டீன் பவுடர் டப்பா விலை கேட்டு வந்தான். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அது எதற்கு? மத்தி, நெத்திலி, சங்கரா எதுவாக இருந்தாலும் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும், அந்த இரண்டு மாதம் முட்டைக்கும் கொண்டைக்கடலைக்கும் மாறிவிடுங்கள்.

மேலதிகாரி சேர விரும்பினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சேரட்டும், ஆனால் அந்த 20 நிமிடத்தில் வேலைப் பேச்சு கூடாது என்பதை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்த முதல் வாரம் நடந்துகொண்டே "அந்த ரெண்டு ரீஃபர் என்னாச்சு" என்று குளிர்பதனக் கன்டெய்னர்களைப் பற்றிக் கேட்டார், மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. ஐயாதான் வயதில் பெரியவர் என்ற உரிமையில் அவரிடம் பேசினார். இப்போது அவரும் ஒழுங்காகக் கோடு போடுகிறார். வாட்ஸ்அப்பிலும் வேலை குரூப்பில் இதைக் கலக்காதீர்கள்.

இரவு ஷிஃப்ட் வாரத்தில் தூக்கம்தான் முதல் பயிற்சி. 7 மணி நேரம் தூங்காதவர் அன்றைக்கு நடை மட்டும் போகலாம், பளு தூக்க வேண்டாம். சாப்பிட்டவுடன் 10 நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறையும், இரவு ஒரு மணிச் சாப்பாட்டுக்கும் இது பொருந்தும். கத்திரி வெயிலில் நேரத்தை அரை மணி தள்ளிப்போடாமல் இடத்தை மட்டும் நிழலுக்கு மாற்றினோம், பாட்டிலில் மோர் இருக்கும். நம் பக்கத்தில் காற்று வேறு ஒரு பிரச்சினை. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த இரவை யாரும் மறக்க முடியாது. கண் எரிந்தால், வாடை அடித்தால், வெளியில் ஓடாதீர்கள், அறைக்குள் பஸ்கி எடுத்தால் அதற்கும் ஒரு கோடு உண்டு.

அளவெடுப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அவரவர் வீட்டில், தனியாக. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாத சராசரியைத்தான் காட்டும் என்பதால் அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை. இடுப்புச் சுற்றளவை டேப்பில் பாருங்கள், நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது வரம்பு. அக்காவின் எண் என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு நாள் அவரே தாளை மடித்துக் கொண்டுவந்து காட்டினார், 5.6.

யாராவது இரண்டு வாரம் வராமல் போனால், போவார்கள், வீட்டில் காய்ச்சல், ஊரில் திருவிழா, கப்பல் நெரிசல், எது வேண்டுமானாலும் இருக்கும். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். பழைய கோடுகளை அழிக்காதீர்கள், வெற்று இடத்தில் பெருக்கல் குறியும் போடாதீர்கள். "நாளைக்கு 6:10, கேட் கிட்ட" என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்புங்கள்.