சைக்கிளோட்டிக்கு ஓரம் எப்போதும் பாதுகாப்பல்ல

வண்டிகள் ஓடும் சாலையில் புதிதாகச் சைக்கிளை எடுப்பவர்கள் பின்னால் வரும் வண்டிக்குப் பயந்து விளிம்போடு ஒட்டிப் போவார்கள். மணல், கண்ணாடித் துண்டு, பெயர்ந்த தார், சாக்கடை மூடி எல்லாம் ஒதுங்கிக் கிடப்பதும் அங்கேதான். குழியைக் கண்டு சட்டென்று ஒடித்தால், நேரே பின்வண்டியின் பாதையில் போய் நிற்போம். ஆகவே விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். கார் தாண்டிப்போக இடமே இல்லாத குறுகலில் தடத்தின் நடுவுக்கு வந்துவிடுங்கள். ஓரத்திலேயே இருந்தால், இடுக்கில் நுழைந்துவிடலாம் என்று ஓட்டுநருக்குத் தோன்றும். ஹாரன் அடிப்பார்கள், அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை அகன்றதும் ஒதுங்கி வழி விடலாம்.

நிறுத்திய கார்களைக் கடக்கும்போது இன்னும் கூடுதல் இடைவெளி வேண்டும். முழுக்கத் திறந்த கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். ஒன்றரை மீட்டர் விட்டால் நிம்மதி. உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பாருங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே காலி இடம் இருக்கிறதே என்று உள்ளே போய்ப் போய் வெளியே வராதீர்கள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வருபவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த ஆள்.

லாரியும் பஸ்ஸும் தனிக் கணக்கு. நீண்ட வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போவதில்லை. வளைவின் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். சிக்னலில் நின்றிருக்கும் லாரியின் பக்கவாட்டில் நுழைந்து முன்னேறுவது, இண்டிகேட்டர் போடாவிட்டாலும், கூடவே கூடாது. பின்னாலேயே நில்லுங்கள். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

திரும்புவதற்கு முன் பின்னால் பார்ப்பது, கை காட்டுவது, மறுபடி பார்ப்பது, பிறகு நகர்வது என்பதே வரிசை. தலையைத் திருப்பும் பக்கமே ஹேண்டில்பாரும் இழுக்கும். ஆளில்லாத இடத்தில் ஒரு கோட்டின் மேல் ஓட்டிப் பழகினால் இது சரியாகும்.

எதிர்த் திசையில் ஓட்டுவது வருகிற வண்டியைப் பார்க்க வசதி என்பார்கள். 40 கி.மீ. வேகக் காரும் 15 கி.மீ. வேகச் சைக்கிளும் நேரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் 55. ஒரே திசையில் போனால் 25. அதோடு, கிளைச்சாலையிலிருந்து நுழைபவர் நீங்கள் வரும் பக்கம் பார்ப்பதே இல்லை.

பிரேக் லிவரை முழுக்க அழுத்தினாலும் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. ஒரு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். பிரேக் பிடித்ததும் எடை முன்னே சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்பிரேக்குடையது. பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கும். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் கவிழ்வார். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக இறுக்குங்கள்.

பளிச்சென்ற ஒளிர்நிறச் சட்டை பகலுக்குத்தான். இருட்டில் வேலை செய்வது விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு. கேரியரில் வைத்த பை பின்விளக்கை மறைக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். பட்டையைக் கணுக்காலில் கட்டினால் ஏறி இறங்கும் அசைவே சைக்கிள் என்று காட்டிக்கொடுக்கும்.

ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது, மாற்றிவிடுங்கள்.

மழையில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உடனே பிடிக்காது. முதலில் தண்ணீரை வழித்தெறிய வேண்டும். அதனால் முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். இரும்பு மூடி, சாலையில் பூசிய கோடு இவற்றின் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடங்கள். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும்.