வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரே பாட்டிலில் ஊற்றாதீர்கள்

குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளியுங்கள். தெளித்த கையோடு துடைத்தால் பலனில்லை. கறை தடித்திருந்தால் அந்தக் கலவையில் துணியை நனைத்துச் சுற்றி, 20 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மார்பிள் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்தான், பளபளப்பு போய்விடும்.

அடுப்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு 3 பங்கு சமையல் சோடா, 1 பங்கு தண்ணீர். குழைத்துப் பூசி, 15 நிமிடம் கழித்து ஈரத்துணியால் வழித்தெடுங்கள். அலுமினியத்தில் வேண்டாம், நிறம் மங்கும்.

வினிகர், சமையல் சோடா இரண்டையும் கலந்தால் பொங்கும் நுரை பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிட, மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். மூடி வைத்தாலோ, வாயு அழுத்தத்தில் பாட்டிலே வெடிக்கலாம்.

ப்ளீச்சுடன் வினிகர் ஒருபோதும் சேரக்கூடாது: குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். பாட்டிலில் பெயரெழுதி ஒட்டிவிடுங்கள்.