ரொட்டியைக் குறைக்கும்போது வயிறு கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

மலையகத்தில் மாச்சத்தைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மதியச் சோற்றில்தான் முதலில் கை வைக்கிறார்கள். வாய்வும் உப்புசமும் உள்ளவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல, கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும்தான். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 75 கிராம் மாச்சத்து இருக்கிறது. தடிப்பாகத் தட்டிய ஒரே ரொட்டிக்கு அவ்வளவு மா போய்விடும். இரண்டு கரண்டி சீனி போட்டு நாளுக்கு ஐந்து பிளேன்டீ குடித்தால் இன்னும் 40 கிராம். நாளுக்கு 130 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுவதைத்தான் பொதுவாகக் குறை மாச்சத்து உணவு என்கிறார்கள். காலையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டாலே அந்த எல்லை தாண்டிவிடும்.

வயிற்றுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற சத்து சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. வெங்காயத்திலும் உள்ளிப்பூண்டிலும் இருப்பது இதுவே. சோற்றில் அது இல்லை. அதனால்தான் ரொட்டியை விட்டதும் வயிறு இலேசாகிறவருக்கு அளவான சோறு ஒத்துக்கொள்கிறது.

வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல் என்று அலைக்கழிக்கும் வருத்தத்தை டாக்டர்மார் ஐ.பி.எஸ். என்பார்கள். சுவீடனின் கோதன்பர்க்கில் 2024இல் வெளியான ஆய்வில், மாச்சத்தைக் குறைத்து நார்ச்சத்தைக் கவனமாகச் சேர்த்தவர்களில் 71 சதவீதத்தினருக்கு நான்கு கிழமையில் குணம் தெரிந்தது. மருந்து எடுத்தவர்களில் அது 58 சதவீதம். நார்ச்சத்தைக் கவனித்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் செய்யும்போது தவறுவது அங்கேதான்.

முதல் கிழமையில் இராச்சாப்பாட்டு ரொட்டியை மட்டும் நிறுத்தி, தேத்தண்ணிச் சீனியைப் பாதியாக்குங்கள். இரவுக்கு இரண்டு முட்டை, ஒரு கை போஞ்சி, கரட், கொஞ்சம் கோவா. கோவா கூடினால் வாய்வும் கூடும். லீக்ஸில் பச்சை இலைப் பகுதியை எடுத்துக்கொண்டு வெள்ளைத் தண்டை வீட்டில் மற்றவர்களுக்கு விடுங்கள், ஃப்ரக்டான் அந்த வெள்ளையில்தான். மைசூர் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நுரை கட்டிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். வாயுவைக் கிளப்பும் சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

இரண்டாம் கிழமை காலை ரொட்டியை 60 கிராம் மாவுக்கு இறக்குங்கள், அதில் 45 கிராம் மாச்சத்து. மதியம் ஒரு கோப்பைச் சோறு இன்னொரு 45. பருப்பு, மரக்கறியோடு, தேத்தண்ணிச் சீனியைச் சேர்க்காமல், நாள் சுமார் 120இல் நிற்கும். கூடையோடு மலை ஏறுகிறவர்கள் காலைச் சாப்பாட்டை இதற்கும் கீழே குறைக்க வேண்டாம், தலை சுற்றும்.

அடுத்து வரும் தொல்லை மலச்சிக்கல். மாச்சத்து குறைந்தால் உடம்பு சேமித்த சர்க்கரை கரைந்து, அதோடு கட்டுண்டிருந்த தண்ணீரும் உப்பும் சிறுநீரில் போகும். நுவரெலியாக் குளிரில் தாகமும் தெரியாது, மலம் இறுகிவிடும். வெந்நீராக நாளுக்கு எட்டுக் கோப்பையாவது குடியுங்கள். பிரஷர் இல்லாதவர்கள் மரக்கறி சூப்பில் உப்பைக் குறைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நார்ச்சத்து நாளுக்குக் குறைந்தது 25 கிராம். தேங்காயைப் பாலாகப் பிழிந்தால் நார் சக்கையில் நின்றுவிடும். சம்பலாகச் சாப்பிட்டால் முழுவதும் கிடைக்கும். கொய்யாப்பழமும் வல்லாரைச் சம்பலும் கைகொடுக்கும்.

ரொட்டி போன இடத்தைப் பொரியலாலும் எண்ணெயாலும் நிரப்பினால் நெஞ்செரிவு வரும். கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கும், உணவுக்குழாயின் கீழ் வாயும் தளரும். கருவாட்டைப் பொரிக்காமல் சுட்டோ குழம்பிலோ போடுங்கள்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவர்கள் கிளினிக்கில் அளவைப் பேசாமல் தொடங்கவே கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சீனி வருத்தத்துக்கே கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையாலும் பேதியும் வாய்வும் வரும், ஆகவே பழியை ரொட்டி மேல் மட்டும் போடாதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இதைச் செய்ய வேண்டாம். கறுப்பு மலம், இரத்தம், காரணமில்லாத மெலிவு, விழுங்கக் கஷ்டம் இருந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்வதானால், ரொட்டியை நிறுத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நிறுத்திய பின் முடிவு பொய்யாக வரலாம்.

நான்கு கிழமை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்ப வேண்டாம். மூன்று நாள் சோற்றைக் கூட்டிப் பாருங்கள். வயிறு அமைதியாக இருந்தால் அடுத்த மூன்று நாள் கூடுதலாக ஒரு ரொட்டி, வெங்காயத்தையும் குறைத்திருந்தால் அதற்கடுத்து அது. எது சேர்ந்த நாளில் உப்புகிறதோ அதை மட்டும் குறைத்தால் போதும்.