மாரடைப்புக்குப் பிறகு அழற்சியைக் குறைப்பது: எந்த மாத்திரை, எவ்வளவு, எதைத் தொடவே கூடாது

புதுச்சேரியில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டு கடலூர், பாகூர், பண்ருட்டி பக்கம் வீடு திரும்புகிறவர்களிடம், "ரத்தக்குழாயில் அழற்சி இருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் முட்டி வலிக்கும், முதுகு பிடிக்கும். அழற்சிக்கும் வலிக்கும் ஒரே மாத்திரைதானே என்று நினைத்து மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான். அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுவோம்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாமே அழற்சியைக் குறைக்கும் மருந்துகள்தான். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு இவை மறுபடியும் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பலவீனமான இதயத்துக்குச் சுமையேற்றுகின்றன. சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வர வழி செய்கின்றன. ஐபுப்ரோஃபென் கூடுதலாக இன்னொன்றும் செய்கிறது: தட்டணுவில் (பிளேட்லெட்) ஆஸ்பிரின் ஒட்ட வேண்டிய இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால், நீங்கள் தவறாமல் போடும் 75 மி.கி. ஆஸ்பிரின் வீணாகிவிடும்.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால் ஒரு சிறு காகிதக் கவரில் வெள்ளையாக இரண்டு, மஞ்சளாக ஒன்று, ஒரு கேப்சூல் என்று கத்தரித்துப் போட்டுத் தருவார்களே, அந்த "செட் மாத்திரை"யில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இருக்கும், சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். அட்டையில் பெயர் இருக்கும் பகுதி வெட்டப்பட்டிருப்பதால் என்ன விழுங்கினோம் என்றே தெரியாது. பாராசிட்டமால் என்று நம்பி வாங்கும் அட்டையிலும் கவனம் தேவை. பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் சேர்த்த மாத்திரைகள் ஏராளம். அட்டையின் பின்பக்கம் பாராசிட்டமால் என்ற ஒரே பெயர் மட்டும் இருக்க வேண்டும். வலிக்கு 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதைவிடக் குறைவு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிளினிக்கில் "வலி ஊசி" போட வந்தால், ஸ்டென்ட் வைத்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, அப்படியானால் எந்த அழற்சியைக் குறைக்க வேண்டும்? ரத்தம் போகாமல் செத்த இதயத் தசையை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் கூட்டமாக வருகின்றன. முதல் சில நாள் அந்த வேலை நடந்தே தீர வேண்டும், அப்போதுதான் வடு கெட்டிப்படும். அந்தச் சமயத்தில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ கொடுத்து அதை அடக்கினால் வடு மெலிந்துபோகும் அபாயம் உண்டு. நமக்குத் தொல்லை கொடுப்பது அதற்குப் பிறகும் அடங்காமல் மற்ற ரத்தக்குழாய்களின் கொழுப்புப் படிவங்களில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1பீட்டா என்ற புரதத்தைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் குறையாமலேயே, 150 மி.கி. ஊசி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்ந்து 15% குறைந்தன. ஆனால் உயிர்கொல்லும் தொற்றுகள் சற்றுக் கூடின, விலையும் கட்டுப்படியாகாது. அதனால் அது நடைமுறைக்கு வரவில்லை. அடுத்து மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் பலன் இல்லை.

முதல் மருந்து ஸ்டாடின்

உங்கள் மருந்துச்சீட்டில் ஏற்கெனவே இருக்கும் அட்டார்வாஸ்டாடின் 40–80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாடின் 20 மி.கி. கொழுப்பையும் குறைக்கிறது, அழற்சியையும் குறைக்கிறது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே போக வேண்டும். 60 வந்ததும் "நார்மல்தான்" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய பேர். லேப் தாளில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு மாரடைப்பு வராதவருக்கானது. சிகிச்சை தொடங்கி 4–6 வாரத்தில் ஒருமுறை பார்த்து, குறையவில்லை என்றால் எசெட்டிமிப் 10 மி.கி. சேர்ப்பார்கள்.

எச்.எஸ்-சி.ஆர்.பி. பரிசோதனை எப்போது

உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இது. மாரடைப்பு வந்த வாரத்தில் எடுத்தால் எல்லோருக்கும் எகிறித்தான் இருக்கும். ஒரு மாதமாவது கழியட்டும். காய்ச்சல், சளி, பல்வலி, ஆறாத புண் எதுவும் இல்லாத நாளில் எடுங்கள். வெறும் சி.ஆர்.பி. அல்ல, எச்.எஸ்-சி.ஆர்.பி. என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து இரண்டின் சராசரியைப் பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 2 மி.கி.க்கு மேல் நின்றால் அழற்சி மிச்சமிருக்கிறது. 10-க்கு மேல் வந்தால் எங்கேயோ தொற்று இருக்கலாம்; அது தீர்ந்தபின் திரும்ப எடுக்க வேண்டும்.

கால்சிசின் 0.5 மி.கி.

யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டு வீக்கத்துக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் மருந்து இது. 2019-இல் கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் தினம் 0.5 மி.கி. தொடங்கியவர்களுக்கு இதயப் பாதிப்புகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தன. 2020-இல் நாள்பட்ட இதயநோயாளிகளிடமும் நல்ல பலன் தெரிந்தது. 2023-இல் அமெரிக்காவில் இதயத்துக்கென அனுமதி கிடைத்தது. ஆனால் 2024-இல் வந்த கிளியர் சினர்ஜி ஆய்வில், மாரடைப்பு வந்த உடனே சேர்க்கப்பட்ட சுமார் 7,000 பேரிடம் பலன் தெரியவில்லை: கால்சிசின் போட்டவர்களில் 9.1 சதவீதம், போடாதவர்களில் 9.3 சதவீதம் பேருக்கு இதயப் பாதிப்பு வந்தது. அதனால் ஒரு டாக்டர் எழுதுவார், இன்னொருவர் வேண்டாம் என்பார், இரண்டுமே நியாயமானதுதான். ஸ்டாடின் முழு அளவில் போட்டு, எல்.டி.எல். இறங்கியும் எச்.எஸ்-சி.ஆர்.பி. 2-க்கு மேல் நிற்கிறவருக்கும், ஸ்டென்ட் வைத்தும் திரும்பத் திரும்பப் பிரச்சினை வருகிறவருக்கும் இதைக் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

தொடங்கும் முன் கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை எடுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் இந்த மருந்து வேண்டாம். தினம் ஒரே ஒரு மாத்திரை. மூட்டு வீக்கத்துக்கு இரண்டு மூன்று போட்ட பழக்கம் இருந்தாலும் இங்கே அது கூடாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் சேர்த்துப் போடாதீர்கள்.

பேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். "பேதி தானே" என்று தொடர்ந்தால் உடம்பில் நீர் வற்றும், சிறுநீரகம் சுணங்கும், மருந்து வெளியேறாமல் தேங்கும், பேதி இன்னும் கூடும். வெயில் காலத்தில், சர்க்கரை நோயும் சேர்ந்தவருக்கு, இந்தச் சுற்று வேகமாக ஓடும். தொடை வலி, மாடி ஏற முடியாத பலவீனம், சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போவது ஆகியவை தசை சிதைவதன் அடையாளம். ஸ்டாடினோடு சேரும்போது வரலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த மருந்தோடு சேரக் கூடாது என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். இருமலுக்கும் அல்சர் கிட்டிலும் வரும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கால்சிசினை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும், உயிருக்கே ஆபத்து. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் படர்தாமரை சாதாரணம். தோல் டாக்டர் அதற்கு எழுதும் இட்ராகோனசோல் கேப்சூலும் அதே வேலையைச் செய்யும். அட்டார்வாஸ்டாடினோடும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் டிகாக்ரெலாரோடும்கூட அது ஒத்துப்போகாது. ரத்த அழுத்தத்துக்காக டில்டியாசெம், வெராபமில் சாப்பிடுகிறவரும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கால்சிசின் எடுப்பது செங்காந்தள் விதையிலிருந்து. வேதாரண்யம், தாராபுரம் பக்கம் பயிரிடுகிறார்கள். இயற்கை மருந்துதானே என்று அந்தச் செடியின் கிழங்கான கண்வலிக்கிழங்கைப் பொடித்துச் சாப்பிடவே கூடாது. சிறு துண்டிலேயே எவ்வளவு மருந்து இருக்கும் என்று கணிக்க முடியாது. சில மணி நேரத்தில் வாந்தி பேதி தொடங்கி, எலும்பு மஜ்ஜை வரை போகும். நடைமுறையில் கிடைக்கும் முறிமருந்து இல்லை.

மாரடைப்பு வந்த சில நாளிலோ வாரங்களிலோ, மூச்சை இழுத்தால் குத்துகிறது, படுத்தால் கூடுகிறது, முன்னால் சாய்ந்தால் குறைகிறது என்றால் இதய உறையில் அழற்சி இருக்கலாம். அதற்கு ஆஸ்பிரினைக் கூடுதல் அளவில், கால்சிசினோடு, மருத்துவமனையில் தீர்மானித்துக் கொடுப்பார்கள். வீட்டில் யூகிக்க வேண்டாம். நெஞ்சு வலி எதுவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசியும் மழைக்காலமும்

ஃபுளூ தடுப்பூசி இதய மருந்துகளில் ஒன்றாகவே எண்ணத் தக்கது. ஃபுளூ வந்தால் உடம்பு முழுக்க எழும் அழற்சி, படிவத்தை வெடிக்கவைக்கும். 2021-இல் ஐ.ஏ.எம்.ஐ. ஆய்வில், மாரடைப்பு வந்த சில நாளுக்குள் ஊசி போட்டவர்களுக்கு ஓராண்டில் மரணம் தெளிவாகக் குறைந்தது. ஆண்டுக்கு ஒன்று, ஐப்பசி மழைக்கு முன், செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள். நிமோனியா தடுப்பூசியையும் கேளுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரிடம் போங்கள். அதற்காக ரத்தம் உறையாத மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. பீடி, சிகரெட், ஹான்ஸ் மூன்றையும் விட வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தியைக் குழம்பாக வாரம் இரண்டு முறை சாப்பிடலாம். கருவாட்டின் உப்பு ஆகாது.

மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு இருக்கலாம். பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு முதல் நாளே ரத்த அணு எண்ணிக்கை பாருங்கள். தட்டணு குறைந்தால் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் என்ன செய்வது என்பது ஸ்டென்ட் வைத்த தேதியைப் பொறுத்தது. அந்தத் தேதியையும் ஸ்டென்ட் எந்தக் குழாயில் என்பதையும் ஒரு அட்டையில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்திருங்கள்.