பெற்றோர் புகாரோடு வந்தால்: மாற்றுத்திறன் குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் இருப்போருக்கு

குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டுங்கள். "வருகையில் குறைபாடு" என்று சுருக்கினால், "செவ்வாய்க்கிழமை யாரும் வரல, மாத்திரை நேரம் தப்பிப்போச்சு" என்ற உண்மை காணாமல் போய்விடும். பல புகார்கள் கெட்டுப்போவது இங்கேதான்.

அடி, காயம், பட்டினி, மிரட்டல் என்று ஏதாவது காதில் விழுந்தால் வழக்கமான விசாரணைக்குக் காத்திருக்காதீர்கள். அப்போதே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றில், என்ன செய்தால் சரியாகும் என்று பெற்றோரையே கேளுங்கள். குறை யார்மேல் சொல்லப்பட்டதோ அவர் விசாரிக்கக் கூடாது. வருகைப் பதிவேடு, மருந்துக் குறிப்பு, பராமரிப்புத் திட்டம் மூன்றையும் தேதிவாரியாக ஒப்பிடுங்கள். குழந்தையிடமும் கேளுங்கள். பேச்சு வராவிட்டாலும் பட அட்டை, சைகை வழியாகச் சொல்லும். தேவையான உதவியோடு தன் கருத்தைச் சொல்லும் அந்த உரிமை, 2006-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 7-வது பிரிவில் இருக்கிறது.

பதில் எந்தத் தேதியில் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் வருந்துகிறோம்" என்பது மன்னிப்பே அல்ல. "அன்று ஆள் அனுப்பத் தவறினோம்" என்று எழுதுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அடுத்து யாரிடம் போகலாம் என்பதும் அதே கடிதத்தில் இருக்கட்டும். புகாரால் சேவை குறையாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பயத்தில்தான் பல பெற்றோர் வாயே திறப்பதில்லை.